பழைய எண் 14, புதிய எண் 31

இல்லை அக்கா, மன்னிக்க வேண்டும், அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொரோனா காலத்தில் கவர்மெண்ட் நன்றாகத்தான் செய்தது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்கு பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் எப்படி? உளுந்தூர்பேட்டையில்தானே இறங்குகிறீர்கள்? இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. போதும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெண்மணி ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வெண்மணி என் பேர். அரிசி கொடுத்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். தெருத் தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டார்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நர்ஸுகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் தலை முதல் கால் வரை அந்த பிளாஸ்டிக் உடையை மாட்டிக்கொண்டு அக்னி வெயிலில் வெந்தார்களே, அவர்களைக் கும்பிடவே கும்பிடுகிறேன். ஏழு கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற மாநிலத்தில் தப்பே நடக்காமல் இருக்குமா? இருக்காது. ஆனால் தப்பு நடந்தால் அதைத் தப்பு என்று சொல்லலாமா கூடாதா? என் கேள்வி இவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியைக் கேட்டதற்கு என்ன கிடைத்தது தெரியுமா? ஒரு பாத்ரூம், ஆறு பேர், பதினாலு நாள்.

சொல்கிறேன். நடுவில் தூங்கிவிடாதீர்கள்.

எங்கள் வீடு வடசென்னையில், வீராசாமி தெரு. மெட்ராஸில் ஒரு வீட்டுக்கு இரண்டு எண் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எப்போதோ ஒரு காலத்தில் தெருவையெல்லாம் புதிதாக எண்ணினார்கள். எண்ணியவர்கள் பழைய எண்ணை அழிக்காமல் போய்விட்டார்கள். எங்கள் வீடு பழைய எண் 14, புதிய எண் 31. இரண்டையும் அப்பா பச்சைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார், பழையது பெரிதாக, புதியது சின்னதாக. எதிர்ச்சாரியில் பரசுராமன் மாமா வீடு புதிய எண் 14. அவருடைய பழைய எண் அவருக்கே மறந்துவிட்டது. தபால்காரர், சிலிண்டர் போடுகிறவர், ஓட்டுக் கேட்டு வருகிறவர் எல்லாருக்கும் இந்தக் கணக்கு தெரியும். இருபது வருஷமாக ஒரு கடிதம் மாறிப் போனதில்லை.

ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது. அதிலிருந்து தகரம் இறங்குகிறது, சவுக்குக் கட்டை இறங்குகிறது. அப்போதெல்லாம் கொரோனா வந்த வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடிவிடுவார்கள், ஞாபகம் இருக்கும். கடைசியாகக் கையில் நோட்டோடு சுகாதார ஆய்வாளர் தணிகாசலம் இறங்கினார். நான் கீழே ஓடி வருவதற்குள் முதல் கட்டையை நட்டுவிட்டார்கள்.

"இங்க யாரும்மா பாசிட்டிவ்?"

"யாரும் இல்லை சார். நாங்க மூணு பேர். மூணு பேருமே டெஸ்ட் எடுக்கலை."

"லிஸ்ட்ல பதினாலு இருக்குது. உங்க செவுத்துல பதினாலு இருக்குது. இன்னான்ற நீ?"

"இது பழைய பதினாலு. உங்க லிஸ்டுல இருக்கிறது புதிய பதினாலா இருக்கும்."

"பழசோ புதுசோ, பதினாலு பதினாலுதானே?"

"சரி, பேஷண்ட் பேர் என்ன?"

"பேர் சொல்லக் கூடாது. ரகசியம்."

"எனக்குச் சொல்ல வேண்டாம். நீங்களாவது பார்த்தீங்களா?"

"எனக்கே சொல்லல. அவ்ளோ ரகசியம்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் அப்போது சட்டம் ஐந்தாம் வருஷம். கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டியில் இரண்டு முறை கோப்பை வாங்கியவள். அங்கேயே வாதாட ஆரம்பித்தேன். தணிகாசலம் சுத்தியல்காரரைப் பார்த்து, "நீ அடிப்பா," என்றார். நான் ஒரு பாயிண்ட் சொல்லி முடிக்க ஒரு ஆணி, அடுத்த பாயிண்ட் முடிக்க அடுத்த ஆணி. இருபத்திரண்டு ஆணி அக்கா.

இப்போது ஒரு விஷயத்தை நான் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாண்டி அதற்கடுத்த ஞாயிறு, ஆத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் அம்மா சுலோச்சனாவுக்கு ஆத்தூர்ப் பக்கம்தான் பிறந்த வீடு. அங்கே ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிற குடும்பம். எனக்குக் கடைசி செமஸ்டர் பரீட்சை பாக்கி. அது முடிந்து வக்கீலாகப் பதிவு செய்து கறுப்புக் கோட்டு போட வேண்டும். என் வாழ்க்கையில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அம்மா சொன்னது: "ஆவணியில கல்யாணம். கோட்டெல்லாம் அப்புறம் அவங்க வீட்டு முடிவு." அவங்க வீட்டு முடிவு என்றால் என்னவென்று என் சீனியர் அக்காமார் நாலு பேரைக் கேட்டால் தெரியும். நாலு கோட்டும் பீரோவில் பாச்சா உருண்டை வாசத்தோடு தொங்குகின்றன.

அப்பா கோதண்டம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர், யூனியன் செயலாளர். ஊரில் இருக்கிற தொழிலாளிக்கெல்லாம் பேசுவார். வீட்டில் நான் கேட்டால், "சங்கம் நடுநிலைம்மா," என்பார்.

அந்த நடுநிலைக்காரர், தகரம் அடித்த அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, அவங்க வரக் கூடாதுன்னு நீதானே குதிச்ச? இப்ப தகரம் வந்து நிக்குது. கார் தெருவுல நுழையும், தகரத்தைப் பாக்கும், அப்படியே திரும்பிடும். நீ கம்முனு குந்திக்கினு இரேன்."

நான் சொன்னேன்: "அப்பா, தப்பான தகரத்தால கிடைக்கிற விடுதலை எனக்கு வேண்டாம். நீதி வேற, வசதி வேற."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ எனக்குத்தான் பொறந்திருக்க," என்றார். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அம்மா இன்னொரு தினுசு. தகரம் அடித்த விஷயத்தை ஆத்தூருக்குச் சொல்லவே இல்லை. தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடுமாம். "அதுக்குள்ள மாரியாத்தா ஏதாவது செய்வா," என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

மாரியாத்தா செய்தாளோ இல்லையோ, நான் செய்தேன். மனு எழுதினேன். பதினோரு பக்கம், பதினேழு பாயிண்ட். வார்டு அலுவலகத்துக்கு ஒன்று, மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, அதற்கு மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. முதல் எட்டு பாயிண்டில் பழைய எண், புதிய எண் வரலாற்றை விளக்கினேன். ஒன்பதாவது பாயிண்டில்தான் என் முழுத் திறமையும். "வாதத்துக்காக இந்த வீடுதான் என்று வைத்துக்கொண்டாலும், அடைத்த முறை விதிப்படி இல்லை. வலது ஓரத்தில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி உள்ளது. உள்ளே இருப்பவர்களை எண்ணிக் குறிக்கவில்லை. மருந்து தெளிக்கவில்லை. அடைப்பதென்றால் முறைப்படி அடைக்க வேண்டும். இல்லையென்றால் எடுக்க வேண்டும்." இதுதான் அக்கா வாதம். எதிராளி தப்பிக்க இரண்டு வாசல் இருந்தால் இரண்டையும் மூட வேண்டும். எங்கள் பேராசிரியர் இதைப் படித்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.

தினமும் காலையில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வரும். "மேடம், காய்ச்சல் இருக்கா?" "இல்லை. ஆனா வீடு மாறி அடைச்சிருக்கீங்க." "இருமல் இருக்கா?" "நான் சொல்றதைக் குறிச்சுக்கோங்க." "மேடம், எனக்கு மூணே கட்டம்தான். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். நீங்க சொல்றதை எதுல போடட்டும்?" பாவம், நல்ல பெண். ஐந்தாம் நாள் அவளே, "மூச்சுத்திணறல்ல போடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. இரண்டு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். தகரத்தை எடுக்கச் சொல்லி உத்தரவாம். நான் ஜெயித்துவிட்டேன் என்று தெரிகிறதா? "தப்பா அடைச்சோம்னு எழுதிக் கொடுங்க," என்றேன். "ஆணியைப் புடுங்கட்டுமா, வேணாமா?" என்றார்கள். சரி, முதலில் புடுங்கட்டும் என்று விட்டேன். இன்னும் மூன்றே நாள் விட்டிருந்தால் தானாகவே எடுத்திருப்பார்கள் என்று அப்பா முணுமுணுத்தார். மூன்று நாள் என்றால் மூன்று நாள் அநியாயம் இல்லையா?

எதிர்வீட்டுப் பரசுராமன் மாமா முகக்கவசத்தோடு வாசலில் நின்று கைதட்டினார். "சபாஷ்மா! எனக்குத்தான் பாசிட்டிவ்னு போன்ல சொன்னாங்க. தகரம் வரும் வரும்னு பாத்தேன், வரல. உங்க வீட்டுல எறங்குச்சு. எதுக்கு வம்புன்னு நானே கதவச் சாத்திக்கினு கஷாயம் குடிச்சு முடிச்சிட்டேன். நேத்தோட பதினாலு நாளு."

"ஏன் மாமா சொல்லலை?"

"நீ பேசிக்கினே இருந்தியேம்மா."

பாருங்கள், ஒரு நோயாளி, ஒரு தகரத்தின் துணையும் இல்லாமல், தானே ஒழுங்காக இருந்து தானே குணமாகியிருக்கிறார். இதை ஒரு கட்டுரையாகவே எழுதலாம்.

பதினோரு மணிக்கு ஆத்தூர் கார் வந்துவிட்டது.

அம்மா மஞ்சள் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. மூன்று பேர் இறங்கினார்கள். பெரியவர் அர்த்தநாரி, அவர் மனைவி பழனியம்மாள், மகன் பூபதி. அர்த்தநாரி வரும்போதே, "செக்போஸ்டு ஏழுங்க! ஏழுலயும் நம்ம பாஸப் பாத்துட்டுச் சல்யூட் அடிச்சுட்டாங்கல்ல," என்று போனைத் தூக்கிக் காட்டினார். அப்போதெல்லாம் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். சாவு, வைத்தியம், கல்யாணம் இவற்றுக்குத்தான் கிடைக்கும். பெண் பார்ப்பதற்குக் கிடையாது. அப்படியானால் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று எனக்குச் சந்தேகம். போனை வாங்கிப் பார்த்தேன்.

கல்யாணப் பத்திரிகை அக்கா. பிள்ளையார் படம் போட்டு, மணமகன் பூபதி, மணமகள் வெண்மணி, சுபமுகூர்த்த தினம் நாளைக் காலை ஆறிலிருந்து ஏழரை. ஆத்தூரில் பிரவுசிங் சென்டரில் அடித்து இ-பாஸ் விண்ணப்பத்தோடு ஏற்றியிருக்கிறார்கள். என் கல்யாணப் பத்திரிகையை நானே செக்போஸ்ட் போலீஸ் ஏழு பேருக்கு அப்புறம்தான் பார்க்கிறேன்!

நான் விட்டேனா? பொய் ஆவணம், பொய் உறுதிமொழி, பேரிடர் மேலாண்மைச் சட்டம் என்று பிரிவு பிரிவாக எடுத்து வைத்தேன். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டுதான். அம்மா கொடுத்தனுப்பியது. அர்த்தநாரிக்கு வேர்த்துவிட்டது. "ஊரே அப்படித்தானுங்க செய்யுது," என்றார்.

அப்போதுதான் அந்தப் பூபதி முதல்முதலாக வாயைத் திறந்தார். "அவங்க சொல்றது செரிதானுங்கப்பா. தப்புத்தான்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஒருவர் உடனே ஒத்துக்கொண்டால் மேற்கொண்டு எப்படிப் பேசுவது?

"பத்திரிகையில நான் ஒண்ணுதானுங்க செஞ்சேன்," என்றார் மறுபடியும். "உங்க பேருக்குப் பக்கத்துல பி.ஏ., எல்.எல்.பி.ன்னு போடச் சொன்னேன். அவங்க செல்வின்னு மட்டும் போட்டிருந்தாங்க."

"நான் இன்னும் படிப்பையே முடிக்கலை. அதுவும் பொய் ஆவணம்தான்!"

"செரிங்க," என்றார். அவ்வளவுதான். அந்தக் குணத்தோடு ஒருவர் எப்படி ஆலை நடத்துகிறார் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் குட்டி யானை சத்தம்.

தணிகாசலம். இந்த முறை இரண்டு லோடு தகரம், மருந்து தெளிக்கிற மெஷின், கையில் மண்டல அலுவலக உத்தரவு.

"சார், காலையிலதானே எடுத்தீங்க?"

"அது வார்டு ஆர்டர். இது மண்டல ஆர்டர். உன் மனுவை அவங்க இன்னிக்குத்தான் படிச்சிருக்காங்க." நோட்டைப் புரட்டி உரக்க வாசித்தார். "'அடைப்பதென்றால் முறைப்படி அடைக்க வேண்டும்.' பாயிண்ட் ஒம்போது. நீதானே எழுதின?"

"அது வாதத்துக்காக எழுதினது!"

"வாதத்துக்குத்தாம்மா இவ்ளோ தகரம் வந்திருக்குது. இடைவெளி இல்லாம, ஆளை எண்ணி, மருந்து அடிச்சு, இன்னியிலேருந்து முழுசா பதினாலு நாள். உள்ள எத்தினி பேரு?" எட்டிப் பார்த்தார். "ஆறு. இதுல மூணு வெளிமாவட்டம். நல்லதாப் போச்சு."

இந்த மாதிரி மடையர்களை வைத்துக்கொண்டு எப்படி அக்கா நிர்வாகம் நடக்கும்? பதினேழு பாயிண்டில் பதினாறை விட்டுவிட்டு ஒன்பதாவதை மட்டும் படித்திருக்கிறார்கள்! இதில் என் தப்பு ஏதாவது இருக்கிறதா, சொல்லுங்கள். வீட்டில் கேட்டபோது ஆளுக்கு ஒரு வேலையாக எழுந்து போய்விட்டார்கள்.

அந்தப் பதினாலு நாளையும் விவரிக்க உங்களுக்கு உளுந்தூர்பேட்டை போதாது, சேலம் வரைக்கும் வர வேண்டியிருக்கும். ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள் அறையில். பாத்ரூமுக்கு டோக்கன். அர்த்தநாரிக்கும் அப்பாவுக்கும் முதலாளி, தொழிலாளி பிரச்சினை முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. அர்த்தநாரி கட்டிலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். "ஏ, தண்ணி!" என்பார். பழனியம்மாள் எங்கிருந்தாலும் எழுந்து வந்து தருவார். கட்டிலிலிருந்து பானை மூன்று அடி.

அந்த அம்மா மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தகரத்து ஓட்டை வழியாகத் தணிகாசலத்தோடு பேசுவதை, போனில் பேசுவதை, மனு எழுதுவதை எல்லாம் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இப்படி ஒரு மருமகளா என்று பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்து எனக்கு உள்ளூர சந்தோஷம். நாலாம் நாள் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனம்மிணி, அந்தத் தாளுல என்னதான் எழுதுவே?"

"மனுங்க. அனுப்புநர் நாம. பெறுநர் யார்கிட்ட கேக்கறமோ அவங்க. பொருள், என்ன வேணும்னு. அப்புறம் காரணம்."

"எழுதுனா செய்வாங்களா?"

"செய்யலைன்னாலும் ஏன் செய்யலைன்னு அவங்க சொல்லியாகணும். அதுதான் விஷயம்."

தாளை என் பக்கம் நகர்த்தினார். "பாலு எட்டு மணிக்கு வருது. ஆறு மணிக்கு வேணும். எழுது."

எழுதினேன். பூபதி போனில் டைப் அடித்து அனுப்பினார். மறுநாள் காலை ஆறு ஐந்துக்குத் தகரத்துக்கு மேலே பால் பாக்கெட் வந்து விழுந்தது. பழனியம்மாள் அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலை இருக்கிறதே! என் பதினோரு பக்கத்துக்குக் கிடைக்காத மரியாதை அந்த அம்மாவின் நாலு வரிக்குக் கிடைத்துவிட்டது. எனக்குப் பொறாமை இல்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு அந்த அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. ஆறாம் நாள் என் கையெழுத்தில் ஒரு மனு தயாரானது. பெறுநர்: திரு. அர்த்தநாரி, கட்டில், கூடம். பொருள்: தண்ணீரைத் தாங்களே மொண்டு குடிக்கக் கோருதல். காரணங்கள்: ஒன்று, பானை மூன்றடி தூரத்தில் உள்ளது. இரண்டு, இருபத்தொன்பது வருடம். இரண்டாவது காரணத்துக்கு மேலே விளக்கம் எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அவருக்குப் புரியும்," என்றார்.

அர்த்தநாரி அதை இரண்டு முறை படித்தார். "பொண்ணுப் பாக்க வந்த எடத்துல பொண்டாட்டியக் கெடுத்துப்புட்டாங்களே!" என்று கூவினார். என் அப்பா, நடுநிலை வகிக்கிற சங்கம், எழுந்து போய்ப் பேனாவைக் கொடுத்தார். "பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. அதான் முறை."

அன்று மத்தியானம் அர்த்தநாரி தண்ணீர் மொண்டார். பாதி கீழே சிந்தினார். ஆனால் மொண்டார்.

பத்தாம் நாள்தான் பெரிய விஷயம் வெளியே வந்தது. பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். பூபதியும்தான், அவர் தினமும் பூண்டு உரிக்க வந்து உட்கார்ந்துவிடுவார், வேறு வேலை இல்லாததால். பழனியம்மாள் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"தகரம் வெச்சு வழிய அடைச்சா எடுக்கச் சொல்லி எழுதலாம். முள்ளு வெச்சு அடைச்சா?"

அவருக்கு அவர் அப்பா கொடுத்த மரவள்ளிக் காடு ஒன்றரை ஏக்கர். அதற்குப் போகிற வண்டித்தடத்தை அவர் அண்ணன் பதினோரு வருஷத்துக்கு முன்னால் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். பொம்பளைக்கு எதற்கு வண்டித்தடம் என்றாராம். அன்று முதல் இந்த அம்மா ஏரிக்கரையைச் சுற்றி ஒரு மைல் நடந்து தன் காட்டுக்குப் போகிறார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க ஒரு வழி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

"எழுதலாம்," என்றேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பூண்டு நெடியாக இருக்கும். "மனு மட்டும் போதாது. வழக்கே போடலாம். தடத்துரிமைன்னு இருக்குங்க."

"நீ போடுவியா?"

"நான் இன்னும் வக்கீல் ஆகலையே."

அந்த அம்மா எழுந்தார். பூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பூபதி மட்டும் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார். "அந்த ஒம்பதாவது பாயிண்ட எழுதாம இருந்திருந்தீங்கன்னா, நாங்க அன்னிக்குச் சாயங்காலமே திரும்பிப் போயிருப்போமுங்க."

முதல்முதலாக எதிர்த்து ஒரு வார்த்தை! விடுவேனா? ஒன்பதாவது பாயிண்டின் அவசியத்தை இரண்டு மணி நேரம் விளக்கினேன். குறுக்கே பேசாமல் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். கடைசியில், "செரிங்க. ஆனா நீங்க எழுதுனது எனக்கு நல்லதாத்தான் போச்சு," என்றார். எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்குள் பூண்டை உள்ளே கொடுக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். பூண்டு முழுவதும் அவர் அம்மா ஏற்கனவே எடுத்துப்போயிருந்தார். எந்த அர்த்தத்தில் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தர்க்கம் தெரியாதவர்களோடு இதுதான் தொல்லை.

பதினாலாம் நாள் தகரம் எடுத்தார்கள். தணிகாசலம் ஆளுக்கு ஒரு சத்து மாத்திரைப் பட்டை கொடுத்தார். ஆத்தூர்க்காரர்கள் பையெல்லாம் கட்டிவிட்டார்கள். அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள். எனக்குப் பயம் வந்துவிட்டது அக்கா, ஒத்துக்கொள்கிறேன். சரி என்று சொல்லிவிட்டால் ஆவணி. ஆவணி என்றால் பாச்சா உருண்டை. பதினாலு நாளில் நான் இவ்வளவு பேசியும் அர்த்தநாரி சிரித்த முகமாக இருக்கிறாரே!

அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். "பொண்ணு வாய் கொஞ்சம் நீளந்தான். ஆனாலும் எங்களுக்கு..."

"இருங்க," என்றார் பழனியம்மாள். "எனக்கு இந்தப் பொண்ணு மருமவளா வேண்டாமுங்க."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "புடிக்கலைங்களா?"

"புடிச்சதாலதானுங்க சொல்றேன். மருமவளா வந்து எனக்காகப் பேசுனா, மாமியாளும் மருமவளும் சேந்துக்கிட்டு ஆடறாங்கன்னு ஊரு சிரிக்கும். எங்கண்ணன் 'போடி உள்ளே'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுருவான். அதே புள்ள வக்கீலா வந்து நின்னா அவன் எந்திரிச்சு நின்னு பதில் சொல்லோணும். மொதல்ல பரிச்சை எழுதட்டும். கோட்டு மாட்டட்டும். எனக்கு வக்கீல்தான் வேணும்."

அப்பாதான் முதலில் பேசினார். "சங்கம் ஆதரிக்கிறது," என்றார்.

அர்த்தநாரிக்குத் தாங்கவில்லை. "அப்பப் பூபதிக்கு?"

"அவனுக்கு என்ன அவசரம்? காத்துக்கிட்டு இருப்பான்."

பூபதி தலையைக் குனிந்து கார் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குக் காத்திருப்பார் என்று அந்த அம்மா சொல்லவில்லை. அப்போது ஜவ்வரிசி விலை விழுந்திருந்தது. ஏறட்டும் என்று சொல்லியிருப்பார். மற்றபடி, என்னை வேண்டாம் என்று சொன்னதில் எனக்குத் துளி வருத்தம் இல்லை. நான் கேட்டது அதைத்தானே? அன்று சாயங்காலம் கொஞ்சம் அழுதேன். அது பதினாலு நாள் அசதி.

பரீட்சை எழுதினேன். பதிவு செய்தேன். கோட்டு போட்டேன். என் முதல் கட்சிக்காரர் பழனியம்மாள். ஆத்தூர் கோர்ட்டில் வழக்கு இரண்டு வருஷமாக நடக்கிறது. அண்ணன் தரப்பு வக்கீல் வாய்தா மேல் வாய்தா வாங்கினார். போன மாதம் கோர்ட் நியமித்த கமிஷனர் போய் இடத்தை அளந்து, தடம் இருந்தது உண்மைதான் என்று அறிக்கை கொடுத்துவிட்டார். நாளைக்குக் குறுக்கு விசாரணை. அந்த அண்ணன் கூண்டில் ஏறி நிற்பார், நான் கேட்பேன். பழனியம்மாள் முதல் வரிசையில் உட்காருவதற்குப் புதுப் புடவை எடுத்திருக்கிறாராம்.

இந்தக் கேஸுக்காக இது என் பத்தொன்பதாவது ஆத்தூர்ப் பயணம். பஸ் ஸ்டாண்டில் பூபதி வண்டியோடு நிற்பார். கேஸ் விஷயமாகத்தான், வேறென்ன? நேற்று போனில், வர வேண்டாம், நான் ஷேர் ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்று சொன்னேன். மழை வரும் என்றார். மழை இல்லை, வானிலை அறிக்கை பார்த்துவிட்டேன் என்றேன். கேஸ் கட்டு கனம் என்றார். பேப்பரெல்லாம் போனில் இருக்கிறது என்றேன். ஷேர் ஆட்டோவில் போனால் எதிர்த்தரப்பு ஆள் பக்கத்தில் உட்கார நேரிடலாம், அது தொழில் முறைக்கு அழகா என்றார். மூன்றாவது பாயிண்ட் பரவாயில்லை அக்கா, நிற்கிற பாயிண்ட். மனிதர் வாதாடக் கற்றுக்கொண்டுவிட்டார்.

நாலாவது முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரமில்லை. சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுத வேண்டியிருந்தது.